காந்தி மார்க்கெட், திருச்சிராப்பள்ளி

காந்தி மார்க்கெட் திருச்சிராப்பள்ளியின் முதன்மையான காய்கறி, பழ, பூச் சந்தை. மலைக்கோட்டைக்குத் தென்கிழக்கே, தஞ்சாவூர் சாலையை ஒட்டி அமைந்துள்ளது. மாநகராட்சிக்குச் சொந்தமானது.

தோற்றம்

திருச்சி நகராட்சி 1866-இல் அமைந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1868-இல் இந்தச் சந்தை உருவானது. 1927-இல் விரிவாக்கப்பட்டது. காந்தியின் பெயர் பிற்காலத்தில் வந்தது. முதல் உலகப் போருக்குச் சென்ற உள்ளூர் வீரர்களின் நினைவாக எழுப்பிய மணிக்கூண்டு சந்தைக்கு அருகில் இன்றும் நிற்கிறது.

வியாபார முறை

சந்தைக்கு இரவுதான் பகல். வெளியூர் லாரிகள் இருட்டிய பிறகு வந்து சேரும். கமிஷன் மண்டிகளில் விடியும் முன்பே மொத்த வியாபாரம் முடிந்துவிடும். ஸ்ரீரங்கம், உறையூர், தில்லைநகர்ப் பகுதிக் கடைக்காரர்களும் தள்ளுவண்டிக்காரர்களும் அந்நேரத்தில்தான் சரக்கு எடுப்பார்கள். பொழுது விடிந்ததும் தரைக்கடைகளில் சில்லறை விற்பனை தொடங்கும். காவிரிக் கரை ஊர்களின் வாழைத்தார்களுக்கு வாழைக்காய் மண்டி தனியே உண்டு. பூவுக்கு இது மட்டுமே இடமல்ல. ஸ்ரீரங்கம் சாத்தார வீதியிலும் பூச்சந்தை நடக்கிறது.

இடமாற்ற முயற்சிகள்

ஊர் பெருகப் பெருக லாரிகளுக்கு வழியில்லாமல் போனது. 1994-இல் ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளும் சேர்ந்து திருச்சி மாநகராட்சியானது. நெரிசல் மேலும் கூடியது. வெங்காய மண்டிகள் பழைய பால்பண்ணைப் பகுதிக்குப் பெயர்ந்தன.

மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் ரூ.77 கோடியில் கட்டிய மத்திய வணிக வளாகம் 2017-இல் திறக்கப்பட்டது. வியாபாரிகளில் பெரும்பாலோர் அங்கே போகவில்லை. கடைகள் சிறியவை, ஊருக்கு வெகு தொலைவு, சில்லறை வாங்குவோர் வரமாட்டார்கள் என்பன அவர்கள் சொன்ன காரணங்கள்.

அரசாணைகளால் நகராத சந்தையைக் கொரோனா நகர்த்தியது. 2020-இல் காந்தி மார்க்கெட் மூடப்பட்டு, மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் திடலுக்குச் சென்றது. சில்லறைக் கடைகள் நகரின் பல இடங்களுக்குப் பிரிந்தன. மீண்டும் திறப்பதற்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்திருந்தது. தடை விலகியதும் நவம்பர் இறுதியில் சந்தை பழைய இடத்துக்கே திரும்பியது.

பஞ்சப்பூர்த் திட்டம்

2025 மே மாதம் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டபோது, அங்கேயே ரூ.236 கோடியில் பெரியார் பெயரில் ஒருங்கிணைந்த காய்கனி அங்காடிக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. கள்ளிக்குடிக்கு இல்லாத பேருந்து வசதி இதற்கு உண்டு.

மதிப்பீடு

காந்தி மார்க்கெட்டின் பலம் கட்டடத்தில் இல்லை. மண்டிக்காரர், சுமை தூக்குவோர், தள்ளுவண்டிக்காரர், கால் கிலோ வாங்க வருபவர் ஆகிய நால்வரும் ஒரே வளாகத்தில் கூடுவதால்தான் அது 150 ஆண்டுகளைத் தாண்டி நிலைத்தது. கள்ளிக்குடி தோற்றது இந்தக் கூட்டைப் பிரிக்க முயன்றதால். பஞ்சப்பூர் அங்காடியையும் இந்த அளவுகோலில்தான் மதிப்பிட வேண்டும்.