புதுச்சேரி விமான நிலையம்

புதுச்சேரி விமான நிலையம் என்பது இந்தியாவின் ஒன்றியப் பகுதியான புதுச்சேரியில், தட்டாஞ்சாவடிக்கு அருகே இலாசுப்பேட்டையில் அமைந்துள்ள ஒரு சிறிய உள்நாட்டு விமான நிலையமாகும். இந்திய விமான நிலையங்களின் ஆணையம் இதனைப் பராமரிக்கின்றது. ஓடுபாதை ஏறத்தாழ 1,500 மீட்டர் நீளமுடையது. கட்டடமும் ஓடுபாதையும் இருந்தும், பயணிகள் சேவை பலமுறை நின்று பின் மீண்டும் தொடங்கியதே இந்நிலையத்தின் வரலாறு எனலாம்.

வரலாறு

ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்சும் இணைந்து 1981 இல் உருவாக்கிய வாயுதூத் நிறுவனம், சிறு நகரங்களை இணைக்கும் நோக்குடன் 1980களின் பிற்பகுதியில் இங்கிருந்து விமானங்களை இயக்கியது. இந்நிறுவனம் நாடெங்கும் சிறு ஓடுபாதைகளில் 19 இருக்கைகள் கொண்ட டோர்னியர் 228 விமானங்களைப் பயன்படுத்தி வந்தது. புதுச்சேரிச் சேவை சில ஆண்டுகளே நீடித்தது. அதன் பின்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முறையான பயணிகள் விமானம் எதுவும் இங்கு வரவில்லை. இடைப்பட்ட காலத்தில் விமான ஓட்டுநர் பயிற்சிக்கு ஓடுபாதை பயன்பட்டது.

புதிய முனையம் திறக்கப்பட்டதைத் தொடர்ந்து 2013 சனவரியில் ஸ்பைஸ்ஜெட் நிறுவனம் பெங்களூருக்குச் சேவையைத் தொடங்கி, ஓராண்டு அளவில் நிறுத்திக்கொண்டது. 2015 ஏப்ரலில் வந்த அலையன்ஸ் ஏர் அதே ஆண்டிலேயே விலகியது. 2017 ஆகத்து 16 அன்று உடான் திட்டத்தின் கீழ் ஸ்பைஸ்ஜெட்டின் ஐதராபாத் சேவை தொடங்கியது. பின்னர் பெங்களூரும் சேர்க்கப்பட்டது. கொரோனாப் பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் நின்ற சேவை, 2022 மார்ச்சு 27 அன்றுதான் மீண்டது. 2024 மார்ச்சு இறுதியில் அதுவும் முடிவுற்றது. 2024 திசம்பர் 20 அன்று இண்டிகோ நிறுவனம் ஏடிஆர் 72 விமானங்களைக் கொண்டு இவ்விரு நகரங்களுக்கும் சேவையைத் தொடங்கியது.

சேவை நிலைக்காமைக்கான காரணங்கள்

முதற்காரணம் சென்னை. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சுமார் மூன்று மணி நேரத்தில் சென்னை விமான நிலையத்தை அடையலாம். அங்கு எல்லாத் திசைகளுக்கும் விமானங்கள் உண்டு. போட்டியால் கட்டணமும் குறைவு. நாளொன்றுக்கு ஓரிரு விமானங்கள் மட்டுமே உள்ள நிலையத்தில், பயணி தன் நேரத்தை விமானத்திற்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டியுள்ளது.

மற்றொரு காரணம் ஓடுபாதையின் நீளம். ஏர்பஸ் ஏ320 போன்ற தாரை விமானங்கள் முழுச் சுமையுடன் மேலெழுவதற்குப் பொதுவாக 2,000 மீட்டருக்கு மேற்பட்ட ஓடுபாதை தேவைப்படும். வெப்பமான காற்று அடர்த்தி குறைந்தது. அதில் இறக்கைகள் தரும் தூக்குவிசையும் எந்திரத்தின் திறனும் குறைவதால், கோடையில் இத்தேவை மேலும் கூடும். எனவே 78 இருக்கைகள் கொண்ட சுழல்விசிறி விமானங்களே இங்கு வருகின்றன. இவ்வகை விமானங்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் நாட்டில் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று விலகினால் அவ்விடத்தை நிரப்ப மற்றொன்று உடனே கிடைப்பதில்லை.

உடான் திட்டத்தில் ஒரு பகுதி இருக்கைகளுக்குக் கட்டண உச்சவரம்பும், நிறுவனத்திற்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்யும் மானியமும் உண்டு. ஆனால் மானியம் மூன்றாண்டுகளுக்கு மட்டுமே. அதற்குள் வழித்தடம் தன் காலில் நிற்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. பல சிறு நிலையங்களில் அவ்வாறு நிகழவில்லை.

விரிவாக்கம்

பிரெஞ்சு ஆட்சிக்காலத்து எல்லைகளின் விளைவாகப் புதுச்சேரி நிலப்பரப்பு ஒரே தொகுதியாக இல்லாமல், தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்துடன் துண்டு துண்டாகப் பின்னிக் கிடக்கின்றது. ஓடுபாதையை நீட்டித் தாரை விமானங்களைக் கொண்டுவரத் தேவையான நிலத்தின் ஒரு பகுதி தமிழ்நாட்டு எல்லைக்குள் உள்ளது. இதனால் இது பொறியியல் சிக்கல் என்பதைவிட இரு அரசுகளுக்கிடையிலான நில ஒப்படைப்புச் சிக்கலாகவே இருந்து வருகின்றது. நிலத்தை இழக்க நேரும் உழவர்களின் கேள்வியும் இதில் அடங்கும்.

ஒப்பீடு

கைவிடப்பட்ட ஓடுபாதைகள் எல்லாம் விமானங்களுக்கே திரும்புவதில்லை. சென்னைக்கு அருகிலுள்ள சோழவரத்தின் இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுதளம், 1990 இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் அமையும் வரை, மோட்டார் பந்தயங்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. 2008 இல் மூடப்பட்ட பெர்லினின் டெம்பெல்ஹோஃப் நிலையம் பொதுப் பூங்காவாயிற்று. மாறாக, உள்நாட்டுப் போரினால் நீண்ட காலம் பொதுமக்கள் எளிதில் பயன்படுத்த இயலாதிருந்த யாழ்ப்பாணத்துப் பலாலி நிலையம், 2019 அக்டோபரில் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னையுடன் இணைக்கப்பட்டது.