ஊறுதல்

மேல்நிலைப் பள்ளித் தாவரவியலில் இதன் பெயர் சவ்வூடு பரவல். இலங்கைப் பாடநூல்களில் பிரசாரணம். 1854-இல் தாமஸ் கிரகாம் வழங்கிய 'ஆஸ்மோஸ்', தள்ளுதல் எனப் பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து வந்தது.

தோல் சீவிய உருளைக்கிழங்கைக் குடைந்து, குழியில் சர்க்கரைக் கரைசலை ஊற்றித் தண்ணீரில் நிறுத்தினால் குழியின் மட்டம் ஏறும். வேகவைத்த கிழங்கில் ஏறாது. செல்களின் சவ்வு சிதைந்துபோயிருக்கும்.

இந்தச் சோதனையை விளக்க, நம் அடுக்களைச் சொல்லான 'ஊறு' என்பதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. உள்ளே புகுவதையும் வெளியே கசிவதையும் அந்த ஒரே வினை சொல்கிறது. உலர்திராட்சை தண்ணீரில் ஊறிப் பருக்கும். கோடையில் தாமிரபரணி மணலைத் தோண்டினால் நீர் ஊறும் (அங்கே சவ்வு இல்லை, அது வேறு இயக்கம்). திருநெல்வேலி வீடுகளில் மாவடுவைக் கல்லுப்போடு ஜாடியில் போட்டுக் குலுக்கிவைத்தால், சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே நீர் விடும்; வடு சுருங்கும். உப்புச் செறிவு வெளியே மிகுதி என்பதால், காயின் செல்களிலிருந்து நீர் அந்தப் பக்கம் போகிறது. கிழங்குக் குழியில் நடந்ததும் இதுவேதான்.

ஊறுகாய் வினைத்தொகை: ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். ஜாடிக்குள் நாள்கணக்கில் நடக்கும் வேலைக்கு முக்காலமும் பொருந்துகிறது.