"இது என்ன பெரிய காயமே?": விழுந்த பின் வரும் கண்டலும் சுளுக்கும்

கடந்த மார்கழி மழையில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தேன். இடது கணுக்கால் மடங்கியது. தொடை, உடுப்புத் தோய்க்கும் கல்லில் அடிபட்டது. ஓடிவந்து தூக்கிய அயல்வீட்டுத் தங்கச்சியிடம், "அண்டைக்குப் பட்டதோட பார்த்தால் இது என்ன பெரிய காயமே?" என்றுதான் சொன்னேன். 2009 இல் பட்ட ஷெல் துண்டொன்று அதே தொடைக்குள் இன்னமும் இருக்கிறது.

எங்களில் பலர் இப்படித்தான். அன்றைய காயத்தை வைத்து இன்றைய காயத்தை அளக்கிறோம். அதனால் நான் விட்ட இரண்டு பிழைகளையும், பிறகு வைத்தியசாலையில் அறிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

கண்டல் என்பது என்ன?

அடிபட்ட இடத்தில் தோல் கிழியாவிட்டாலும் உள்ளே நுண்ணிய இரத்தக்குழாய்கள் உடைந்து இரத்தம் கசிகிறது. அதுவே கண்டல். முதலில் சிவப்பாகவும் பின் நீலமாகவும் கருமையாகவும் இருக்கும். நாள் செல்லப் பச்சையாகி, மஞ்சளாகி மறையும். சாதாரண கண்டல் ஆற ஏறத்தாழ இரண்டு வாரங்கள் எடுக்கும். இரத்தம் கட்டியாகத் திரண்டிருந்தால் இன்னும் நாட்கள் வேண்டும். கசிந்த இரத்தம் கீழ்நோக்கி இறங்குவதால், தொடையில் பட்ட அடியின் நீலம் சில நாட்களில் முழங்காலுக்குக் கீழேயும் தெரியலாம். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

சுளுக்கு என்பது எலும்புகளை மூட்டில் இணைக்கும் நார் இழுபடுவது அல்லது கிழிவது. இலேசான சுளுக்கு சில வாரங்களில் ஆறும். நார் முழுதாகக் கிழிந்தால் மாதக்கணக்காகும்.

முதல் பிழை: சூடும் தேய்ப்பும்

விழுந்த அன்றிரவே எண்ணெயைச் சுடவைத்து நன்றாகத் தேய்த்தேன். விடிய வீக்கம் இரண்டு மடங்காகியிருந்தது. முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும். அப்போது சூடு வைத்தாலும் தேய்த்தாலும் கசிவு கூடும். தொடை போன்ற பெரிய தசையில் ஆழமான கண்டலை அழுத்தித் தேய்த்தால், சிலருக்கு அந்தத் தசைக்குள்ளேயே எலும்பு போன்ற கட்டி உருவாகிவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடங்கள் வையுங்கள். சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை மீண்டும் வைக்கலாம். ஐஸ் இல்லாவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணி போதும். இறுக்காமல் பண்டேஜ் சுற்றி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். நீரிழிவால் அல்லது பழைய காயத்தால் உணர்ச்சி குறைந்த இடத்தில் ஐஸ் வைக்க வேண்டாம். குளிர் தோலைப் புண்ணாக்கினாலும் உங்களுக்குத் தெரியாது.

நோவுக்கு, ஈரல் நோய் இல்லாத வளர்ந்தவர்கள் பனடோல் 500 மில்லிகிராம் குளிசை இரண்டை 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது. உடல் நிறை மிகக் குறைந்தவர்கள் வைத்தியரைக் கேட்டு அளவைக் குறைக்க வேண்டும். டைக்ளோபினக், இபுபுரூபன் போன்றவற்றைப் பாமசியில் நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள். சிறுநீரக நோய், வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கும் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் அவை ஆபத்தானவை. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அது டெங்குவாக இருக்கலாம். அப்போது அவற்றைத் தொடவே கூடாது.

இரண்டாவது பிழை: படுத்தே கிடந்தது

நாலாம் நாள் மகள் வந்து பார்த்து, "ஏன் அம்மா உடனே சொல்லேல்லை?" என்று ஏசி வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனாள். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. பழைய துண்டு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு, நடந்தால் அது அசைந்து எங்கேயோ போய்விடும் என்ற பயம் பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் கட்டிலிலேயே கிடந்தேன். கணுக்கால் இறுகிவிட்டது, தொடை மெலிந்துவிட்டது.

இயன்மருத்துவரிடம் பயத்தைச் சொன்னேன். துண்டைச் சுற்றித் தழும்பு மூடியிருக்கிறது, நடப்பதற்குப் பயப்பட வேண்டாம் என்று அவர் விளங்கப்படுத்தினார். முறிவு இல்லையென்றால் இரண்டு மூன்று நாள் ஓய்வுக்குப் பின் மெல்ல மெல்ல அசைக்க வேண்டும். கால் பெருவிரலால் காற்றில் எழுத்துகளை எழுதச் சொன்னார். ஒரு நாளில் பல தடவை "அ" முதல் "ஔ" வரை எழுதினேன். பிறகு சுவரைப் பிடித்து நின்றேன், முற்றத்தில் நடந்தேன். இலேசான நோ இருந்தால் தொடரலாம். நோவோ வீக்கமோ கூடினால் அளவைக் குறைக்க வேண்டும்.

எங்களுக்கென்று சில

உடம்பில் உலோகத் துண்டு உள்ளவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் அதை முன்கூட்டியே கட்டாயம் சொல்லுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் துண்டை அசைக்கவோ சூடாக்கவோ கூடும். எக்ஸ்ரேக்கு அந்த ஆபத்து இல்லை. செயற்கைக்கால் போடுபவர்கள் விழுந்து, எஞ்சிய கால் கண்டியோ வீங்கியோ இருந்தால், வற்றும்வரை காலை மாட்ட வேண்டாம். வலிந்து மாட்டினால் புண்ணாகும்.

உடனே போக வேண்டியவை

- நான்கு அடி எடுத்துவைக்க முடியாமை
- ஒரு கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருத்தல் (இடுப்பெலும்பு முறிவாக இருக்கலாம்)
- வீங்கிய இடம் இறுகி நோ கூடிக்கொண்டே போதல், விரல்கள் விறைத்தல் அல்லது குளிர்தல்
- தலையில் அடிபட்டபின் வாந்தி, மயக்கம், தூக்கக் கலக்கம்
- வோபரின் போன்ற மருந்து எடுப்பவருக்குத் தலையில் சிறு அடி பட்டாலும்
- நாட்கள் கழித்துக் கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல், அல்லது காயத்தில் சீழும் காய்ச்சலும்

வயதானவர்களுக்குத் தலையில் பட்ட அடி சில வாரங்கள் கழித்தும் தலையிடியாகவோ தடுமாற்றமாகவோ வெளிப்படலாம். விழுந்த நாளை எழுதி வையுங்கள். அவசரமென்றால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை.

இப்போது நான் கிணற்றடிக்குத் தடியோடு போகிறேன். பாசியை மகள் உரஞ்சிக் கழுவிவிட்டாள். விழுந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் தனியே இருந்து நோவைத் தாங்கும் ஒருவர் இருப்பார். விழுந்தீர்களா என்று அவரிடம் நீங்களாகவே கேளுங்கள். அவராகச் சொல்லமாட்டார்.