மேட்டில் இழுக்காத வண்டி

நம் புதுச்சேரிக்காரர்களுக்கு மேடு என்றால் கோரிமேடுதான். வண்டி மலையேறும்போது என்ன பாடுபடும் என்பது ஏற்காட்டுக்கோ ஊட்டிக்கோ போகும்போதுதான் நமக்குத் தெரியவரும். ஊருக்குள் குதிரை மாதிரி ஓடிய வண்டி, நாலாவது கொண்டை ஊசி வளைவில் மூச்சு வாங்கும். "இழுக்கவே மாட்டேங்குது" என்பார் டிரைவர். இதற்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. காரே பிறக்காத காலத்தில் அது தொடங்குகிறது.

பிரெஞ்சுப் பள்ளியில் பௌதிகப் பாடத்தில் எங்களுக்குப் பஸ்கால் கதையைச் சொல்லிக்கொடுத்தார்கள். காற்றுக்கு எடை உண்டு, மேலே போகப் போக அந்த எடை குறையும் என்று அவர் கருதினார். அதைச் சோதிக்கத் தம் அக்காள் கணவர் பெரியேவைக் கேட்டுக்கொண்டார். 1648 செப்டம்பர் 19 அன்று பெரியே பாதரசக் குழாயோடு பிரான்சின் நடுப்பகுதியில் உள்ள புய் தெ தோம் மலையில் ஏறினார். அடிவாரத்துக் கிளெர்மோன் நகரில் 26 அங்குலத்துக்குச் சற்று மேல் நின்ற பாதரசம், உச்சியில் 23 அங்குலத்துக்குச் சற்று மேலே நின்றது. (அந்தக் காலப் பிரெஞ்சு அங்குலம் இன்றைய அங்குலத்தைவிடக் கொஞ்சம் பெரிது.)

இதில் எனக்குப் பிடித்தது வேறொரு விஷயம். பெரியே இன்னொரு குழாயைக் கீழே மடத்துத் தோட்டத்திலேயே வைத்து, ஒரு துறவியை நாள் முழுக்கக் கவனிக்கச் சொல்லியிருந்தார். அது அசையவே இல்லை. மாறியது வானிலை அல்ல, உயரம்தான் என்று அதனால்தான் அடித்துச் சொல்ல முடிந்தது.

புய் தெ தோம் 1465 மீட்டர். நம் ஏற்காடும் ஏறக்குறைய அதே உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. 2240 மீட்டர் உயரத்து ஊட்டியில் கால் பங்கு குறைவு. பெட்ரோல் ஒரு பங்கு எரிய, எடைக்கணக்கில் சுமார் 15 பங்கு காற்று வேண்டும். காற்று குறைந்தால் பலம் குறையும். பழைய கார்புரேட்டர் மேலே போனாலும் அதே ஜெட் வழியாகத்தான் பெட்ரோல் விடும். காற்று போதாமல் கலவை கெட்டியாகி, கரும்புகை வரும்.

பெட்ரோல் போய்ச் சேராத கதை வேறு. 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி காரில் பெட்ரோல் பம்பே கிடையாது. சீட்டுக்கு அடியில் இருந்த டாங்கியிலிருந்து பெட்ரோல் தானாக வழிந்து எஞ்சினுக்கு வரும். டாங்கியில் கொஞ்சமாக இருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால் எஞ்சின் டாங்கியைவிட உயர்ந்துவிடும், பெட்ரோல் வராது. அதனால் மக்கள் வண்டியைத் திருப்பி, ரிவர்ஸிலேயே மலையேறினார்கள்!

பிறகு பம்ப் வந்தது. அதோடு இன்னொரு தொல்லையும் வந்தது. எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். மலைப்பாதை ஓரத்தில் பானெட்டைத் திறந்துவைத்து, பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிக் காத்திருந்த டிரைவர்களை நம் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம்.

பழைய மெக்கானிக்குகள் கேட்கும் கேள்விகள் எளியவை. எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லையா? கிளட்ச் தேய்ந்திருக்கிறது. கரும்புகையா? ஏர் ஃபில்டரையும் கார்புரேட்டரையும் பார். விக்கி விக்கி அடங்கி, சற்று நிறுத்திவைத்தால் மறுபடி ஓடுகிறதா? பெட்ரோல் வரும் வழியைப் பார்.

எண்பதுகளில் எங்கள் அலுவலகக் கார் ஒன்று இந்த மூன்றாவது வகையில் படுத்தியது. ஏற்காட்டுப் பயணத்தில் அதிகாரியை நடுவழியில் மூன்று முறை நிறுத்திவிட்டது. டிரைவர் பெட்ரோலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் கலந்துவிட்டார் என்று சந்தேகம். ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு என் மேஜைக்கு வந்தது. அந்த டிரைவர் ஓய்வுபெற ஒரு வருடம்தான் இருந்தது. பென்ஷனே தொங்கலில் நின்றது.

வயதான மெக்கானிக் ஒருவரை அழைத்தார்கள். அவர் இந்தக் காரின் பெட்ரோலை உறிஞ்சி, அதே மாதிரி இன்னொரு காரில் ஊற்றினார். அந்தக் காரின் பெட்ரோலை இதில் ஊற்றினார். திண்டிவனம் சாலையில் இரண்டையும் முழு வேகத்தில் விரட்டச் சொன்னார். "மேடு இல்லாட்டி என்ன சார், விரட்டினாலும் அதே அளவு பெட்ரோல் கேக்கும்" என்றார். சந்தேகப்பட்ட பெட்ரோலில் அந்தக் கார் பறந்தது. நல்ல பெட்ரோலிலும் இந்தக் கார் விக்கி நின்றது.

டாங்கியைக் கழற்றினார்கள். உள்ளே துருச் செதில்கள். மெதுவாகப் போனால் அடியில் கிடக்கும். அதிகம் உறிஞ்சும்போது குழாய் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். வண்டி நின்றால் உதிர்ந்துவிடும். டாங்கியைக் கழுவிப் பூட்டியதும் கார் சரியாகிவிட்டது. கோப்பை முடித்தார்கள், டிரைவர் முழுப் பென்ஷனோடு ஓய்வுபெற்றார்.

அந்த மெக்கானிக் பஸ்கால் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே வைத்துப் பார் என்ற பாடம் அவர் கையில் இருந்தது.

இப்போதைய வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. காற்றின் அளவை சென்சார் பார்த்து, அதற்கேற்ப கம்ப்யூட்டர் பெட்ரோல் விடுகிறது. டர்போ இருந்தால் மெலிந்த காற்றையும் அழுத்தி உள்ளே தள்ளுகிறது. ஆனாலும் ஃபில்டர் அடைக்கும், பம்ப் தளரும், கிளட்ச் தேயும். அடுத்த முறை உங்கள் பேரப்பிள்ளையின் வண்டி மலையில் திணறினால், பெட்ரோல் பங்க்காரரைத் திட்டுவதற்கு முன் மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.