மேகமலை

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் கிழக்கு ஓரத்தில் எழும் மலைத்தொகுதி. மேலே போனால் கொடி நட ஒரு சிகரம் இருக்காது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் மேடும் மடுவுமாக விரிந்த நிலமே இருக்கும். கிழக்கே வருசநாட்டு மலை தொடர்கிறது. அந்தப் பக்கத்துக் காடுகளில்தான் வைகையின் தலையூற்றுகள்.

உள்ளூரில் பழைய பெயர் பச்சக்குமாச்சி. அலையலையாகக் கிடக்கும் முகடுகளைப் பார்த்து ஆங்கிலேயர் ‘ஹை வேவி’ என்றார்கள். அது எஸ்டேட் பேச்சில் ‘ஹைவேவிஸ்’ ஆகி, இன்று பேரூராட்சியின் பெயராகவும் நிற்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதே ஊர் ‘ஹைவேஸ்’ என்று பதிவாகி, மலையுச்சியில் நெடுஞ்சாலை இருப்பதுபோலத் தோன்ற வைத்தது தனி வேடிக்கை. மேகமலை என்ற பெயரை வெளியூரெங்கும் கொண்டுபோனவர்கள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள்.

இம்மலையில் ஏறியவர்கள் உயரத்தைத் தொட ஏறவில்லை, வேலைக்காக ஏறினார்கள். காட்டைத் திருத்தித் தேயிலை, காப்பி, ஏலம் பயிரிட்ட துரைகளும், லயன் வீடுகளில் குடியேறிய தோட்டத் தொழிலாளர்களுமே பாதை போட்டவர்கள். இன்றைய சாலை சின்னமனூரில் தொடங்கி, தென்பழனி வனச் சோதனைச்சாவடியைக் கடந்து 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது. வளைவுகளுக்குச் சங்ககால மலர்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். அடிவாரத்தில் முள்ளுக்காடு, சற்று மேலே கோடையில் இலையுதிர்க்கும் மரங்கள், அதற்கும் மேலே ஈரம் சொட்டும் பசுமைமாறாச் சோலை. ஒரே பேருந்துப் பயணத்தில் மூன்று காடுகளையும் பார்த்துவிடலாம்.

அறிவியல் உலகில் இம்மலையின் பெயரைப் பதிய வைத்தவர்களில் ஒருவர் தோட்டக்காரர். தேயிலைத் தோட்டத்தில் பணிபுரிந்த ஆங்கஸ் ஹட்டன் 1940-களில் இங்கிருந்து பாம்புகளையும் பாலூட்டிகளையும் சேகரித்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவந்தார். அவர் பிடித்த இரண்டே மாதிரிகளை வைத்து ஊர்வனவியலாளர் மால்கம் ஸ்மித் 1949-இல் ஒரு குழிவிரியனைப் புதிய இனமாக விவரித்து, அதற்கு ஹட்டனின் பெயரையே சூட்டினார். அதைவிட வியப்பானது வௌவால் கதை. 1948-இல் ஹட்டன் பிடித்த ஒரு பழந்தின்னி வௌவாலைச் சாதாரணக் குறுமூக்கு வௌவால் என்றே எண்ணிக் கழகத்தின் சேகரிப்பில் வைத்திருந்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அது அப்படியே கிடந்தது. பிறகு தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அதன் பற்களையும் மண்டையோட்டையும் ஆராய்ந்தார். இது வேறு பேரினம் என்று கண்டு 1972-இல் அறிவித்தார். லாட்டிடென்ஸ் சலீமாலி என்ற பெயர் பறவையியலாளர் சலீம் அலியின் நினைவாக வைத்தது. காட்டில் அது மறுபடி அகப்பட்டது 1993-இல்தான். பிடித்தவரின் கண்ணுக்குத் தப்பியது அருங்காட்சியகத்தில் பிடிபட்டது என்பதைப் பார்த்தால், பழைய சேகரிப்புகளைத் தூசி என்று ஒதுக்குபவர்கள் யோசிக்க வேண்டும்.

சோலைகளில் சிங்கவால் குரங்கும் நீலகிரிக் கருமந்தியும் இருவாச்சியும் வாழ்கின்றன. சரிவுக் காடுகளில் சாம்பல் நிற மலை அணில். யானைகள் தேயிலைச் சரிவுகளைக் கடந்து நீருக்கு இறங்கும்.

பயணிகள் ஏரி என்று படமெடுப்பவை பலவும் மின்வாரிய அணைகளின் நீர்த்தேக்கங்கள். ஹைவேவிஸ், மணலார், இரவங்கலாறு ஆகிய அணைகளின் தண்ணீர் கீழே விழும் வேகத்தில் 35 மெகாவாட் சுருளியாறு நீர்மின் நிலையம் இயங்குகிறது.

2009-இல் மேகமலை வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் இதையும் திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்தையும் இணைத்து, ஏறத்தாழ 1,016 சதுர கிலோமீட்டரில் தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் உருவானது. மேற்கே கேரளத்தின் பெரியாறு காப்பகத்தோடு இதன் காடு ஒட்டிக்கிடப்பதால் புலிக்கு மாநில எல்லை கிடையாது. எஸ்டேட்டுகளுக்கு உண்டு. தேயிலை பறிப்பும் பேருந்தும் தொடர்கின்றன. இருட்டிய பிறகு மட்டும் சோதனைச்சாவடியில் வாகனங்களை நிறுத்திவிடுகிறார்கள்.