பிறந்த வீடு சென்று வந்த காமிரா

வாங்கினால் புதியதையே வாங்க வேண்டும், பிறர் கையில் இருந்தது வேண்டாம் என்பது நம்மில் பலருடைய எண்ணம். ஆயின், செய்தவரே பிரித்துச் செப்பனிட்டுத் தரும் பொருளையும் அவ்வாறே ஒதுக்கிவிடலாமா? காமிராவின் வரலாறு இதற்கு விடை கூறுகிறது.

ஜெர்மனியில் வெட்ஸ்லர் நகரத்து லைட்ஸ் நிறுவனத்தில் ஆஸ்கார் பர்னாக் உருவாக்கிய லைக்கா, 1925-ஆம் ஆண்டு லைப்ஸிக் சந்தையில் அறிமுகமாயிற்று. சினிமாப் படச்சுருளைக் கொண்டு படம் பிடித்த அச்சிறு கருவியில், தூரத்தை நாமே கணித்து லென்ஸைத் திருப்ப வேண்டியிருந்தது. 1932-இல் வந்த இரண்டாம் லைக்காவில் தூரமானி லென்ஸுடன் இணைக்கப்பட்டது. 1933-இல் வந்த மூன்றாம் லைக்காவிலோ, ஒரு விநாடி வரை ஒளியை உள்ளே விடும் வசதியும் சேர்ந்தது.

முதல் லைக்காவை வைத்திருந்தவர் என் செய்வார்? அதனைத் தொழிற்சாலைக்கே அனுப்பலாம். கட்டணம் பெற்றுக்கொண்டு, புதிய வகையாகவே மாற்றித் தந்தார்கள். வரிசை எண் மட்டும் பழையதாகவே நின்றது. ஆதலால் இன்று அவ்வெண்ணை மட்டும் காண்பவர் கருவியின் வயதை அறிவாரேயன்றி, அதன் திறனை அறியார். சேகரிப்போர் மாற்றப்படாத முதல் லைக்காவையே நாடுகின்றனர்; படம் பிடிப்போருக்கோ மாற்றப்பட்டதே பயன் மிக்கது.

இன்றும் காமிரா நிறுவனங்கள் சில, தம்மிடம் திரும்பி வந்தவற்றைச் சோதித்துச் சீராக்கிக் குறைந்த விலைக்கு விற்கின்றன. செப்பனிட்டவர் யார், பழுது நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார் என்னும் இரண்டையும் நாம் கேட்டறிதல் வேண்டும். செய்த கையே சீர்செய்ததாயின், பிறர் கையில் இருந்தது என்பது ஒரு குறையாகாது.