காண்டலும் கருவியும்: கொல்கி உபகரணத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தாவரக் கலத்தையும் விலங்குக் கலத்தையும் அருகருகே காட்டும் வரைபடத்தை உயிரியல் பயிலும் மாணவர் அனைவரும் அறிவர். இழைமணி, பச்சையுருமணி, இறைபோசோம், கொல்கி உபகரணம் முதலிய புன்னங்கங்கள் தத்தம் தொழில்களோடு அதில் முடிந்த முடிபாக நிற்கின்றன. அவ்வரைபடம் எக்கருவிகொண்டு, எத்தகைய சர்ச்சைகளினூடாக உருவாயிற்று என்ற வினா எழுவதில்லை. இலக்கியத்தை அது தோன்றிய சமூகச் சூழலில் வைத்து நோக்க வேண்டுமென வற்புறுத்தும் நாம், விஞ்ஞான அறிவை மாத்திரம் வரலாறற்றதாக ஏற்றல் பொருந்தாது. கொல்கி உபகரணம் ஒன்றன் வரலாறே இதனை உணர்த்தப் போதுமானது.

பின்னாளில் பாவியாப் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய இத்தாலியரான கமில்லோ கொல்கி, நரம்பிழையத்தைப் பொற்றாசியம் இருகுரோமேற்றினால் இறுகச்செய்து, வெள்ளி நைத்திரேற்றினால் கருநிறமாக்கும் முறையை 1873இல் வெளியிட்டார். வெள்ளி உப்புக்கள் அக்கால ஒளிப்படத் தொழிலின் அடிப்படைப் பொருள்களாகவும் இருந்தமை ஈண்டு மனங்கொளத்தக்கது. அம்முறையின் திருந்திய வடிவினைக் கையாண்டே 1898இல் கூகையின் மூளியிலுள்ள நரம்புக் கலங்களுள் வலைபோன்றதோர் அமைப்பினை அவர் கண்டறிவித்தார்.

ஆயின், அதே 1873இல் ஜேர்மனியரான எர்ணஸ்ற் அபே, ஒளி நுணுக்குக்காட்டியின் ஆற்றலுக்கு ஒளியின் அலைநீளமே எல்லையிடுகின்றது எனக் காட்டியிருந்தார். ஏறத்தாழ 200 நானோமீற்றருக்கு உட்பட்ட விவரங்களை அக்கருவி பிரித்துக் காட்டாது. கொல்கி உபகரணத்தின் ஒவ்வொரு தட்டும் அவ்வெல்லைக்கு மிகக் கீழ்ப்பட்ட தடிப்பினது. எனவே கொல்கி கண்டது அதன் புறக்கோலத்தையேயன்றி உள்ளமைப்பை அன்று.

இதனாலேயே அரை நூற்றாண்டுக்கு மேல் சர்ச்சை நீடித்தது. சாயமேற்றும் முறைக்கேற்பவும் கலத்தின் வகைக்கேற்பவும் அவ்வமைப்பு வெவ்வேறு வடிவிற் புலப்பட்டது. தாவரக் கலங்களில் அது உண்டா என்பதே ஐயத்துக்கிடமாயிற்று. உயிருள்ள கலத்தில் இல்லாத ஒன்றை இரசாயனப் பொருள்களே தோற்றுவிக்கின்றன எனப் பலர் வாதிட்டனர். நியூயோர்க்கில், எண்ணெய் முதலாளியான றொக்பெல்லரின் செல்வத்தால் 1901இல் நிறுவப்பட்ட ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய ஜோர்ஜ் பலாடேயும் அல்பேட் குளோட்டும் 1949இல் இக்கருத்தையே பரிசோதனை வாயிலாக வலியுறுத்தினர்.

சர்ச்சையைத் தீர்த்தது சொல்வன்மையன்று; புதிய கருவியேயாகும். 1931இல் பேர்லினில் றுஸ்கா, நொல் ஆகியோர் உருவாக்கத் தொடங்கிய இலத்திரன் நுணுக்குக்காட்டி, உயிரியலாளருக்கு உடனே கிட்டவில்லை. 1945இல் வெளியான முழுக் கலமொன்றின் முதற் படங்கள், நியூயோர்க்கின் தொழில் நிறுவனமொன்றின் ஆய்வுகூடத்திலிருந்த கருவியைக்கொண்டே எடுக்கப்பட்டன. இழையங்களை மிக மெல்லிய சீவல்களாக்கும் நுட்பம் வளர்ந்தபின், 1954இல் டால்ற்றன், பீலிக்ஸ் ஆகியோர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டையான மென்சவ்வுப் பைகளாக அவ்வமைப்பைக் காட்டினர். கொல்கி கண்டது பொய்த்தோற்றமன்று என்பது நிலைநாட்டப்பட்டது.

தொழில் பற்றிய விளக்கமும் இதனைத் தொடர்ந்தே வந்தது. அதன் இருப்பை மறுத்த பலாடேயே, 1960களில் தம் சகபாடிகளுடன் கினிப்பன்றியின் சதையிக் கலங்களில் கதிர்த்தொழிற்பாடுள்ள அமினோ அமிலத்தின் வழியைப் பின்தொடர்ந்து, இறைபோசோம்களில் உருவாகும் புரதம் கொல்கி உபகரணத்தினூடாகவே சுரப்பு மணிகளைச் சென்றடைகின்றது எனக் காட்டினார். 1974இல் குளோட்டுடனும் டி டூவேயுடனும் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விலங்குக் கலங்களில் அது பெரும்பாலும் கருவை அண்டி ஒருங்கிணைந்து நிற்கின்றது. தாவரக் கலங்களிலோ பல சிறு அடுக்குகளாகக் குழியவுருவெங்கும் சிதறிக்கிடந்து, கலச்சுவருக்கு வேண்டிய பெத்தின் முதலியவற்றை ஆக்குகின்றது.

கலத்தின் கண்டுபிடிப்பைத் தம் காலத்து முப்பெருங் கண்டுபிடிப்புக்களுள் ஒன்றாக 1886இல் ஏங்கெல்ஸ் குறிப்பிட்டார். அக்கண்டுபிடிப்பு அன்றோடு முற்றுப்பெறவில்லை. அறிவு என்பது புறவுலகு தானே மனத்திற் பதியும் படிமம் எனக் கொள்வோர்க்கு இவ்வரலாறு மறுமொழியாகும். கருவியும் உழைப்பும் இன்றேல் எதுவும் காணப்பட்டிராது. காண்பானின் கருவியே பொருளைப் படைக்கின்றது எனும் கருத்துமுதல்வாதிகளுக்கும் இது மறுமொழியே. வெள்ளியும் இலத்திரனும் வேறுபட்டவையாயினும் அவை காட்டிய பொருள் ஒன்றே. பலாடேயின் மறுப்பும் வீணன்று. ஐயமே துல்லியமான நிரூபணத்தை அவசியமாக்கிற்று.

2006இல் மதுவத்தின் உயிருள்ள கலங்களை அவதானித்தோர், இத்தட்டுக்கள் நிலையானவையல்ல, ஒன்று மற்றொன்றாக முதிர்ந்து மாறுகின்றன எனக் காட்டினர். பாடநூலிலுள்ள அசைவற்ற படத்தை மனனஞ்செய்து ஒப்புவிக்கும் மாணவனுக்கு விஞ்ஞானத்தின் விளைவு கிடைக்கின்றது. அதன் செயல்முறை கிடைப்பதில்லை. செயல்முறையை அறியாதவன் பிறர் கண்டதை நம்புபவனாகவே எஞ்சுவான். விஞ்ஞானத்தைத் தாய்மொழியிற் பயிற்றும் நாம், அதன் வரலாற்றையும் உடன் பயிற்றுதல் அதனாலேயே இன்றியமையாததாகின்றது.